அந்த வாரம் யார் பொறுப்பு என்பதற்கு நாலு வரி

1.

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். இது கதையாக எழுத உட்கார்ந்தது இல்லை. நாலு வரிப் பதில் ஒன்று எழுத உட்கார்ந்தேன். அது கைமீறிப் போய்விட்டது.

போன வெள்ளிக்கிழமை போடிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் கமிட்டியிலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. விஷயம் இதுதான். '1933ஆம் வருஷம் ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பள்ளி வேளையில் உங்கள் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்ததாகப் பதிவாகியிருக்கிறது. அன்றைக்குப் பொறுப்பில் இருந்தது சுகிர்தம் டீச்சர்தானா? அவர் இப்போது எங்களிடம் வேலை கேட்டிருக்கிறார். உங்கள் பதிலைப் பார்த்துத்தான் முடிவு செய்வோம். தலைமையாசிரியராகிய தாங்கள் நாலு வரியில் தெரிவிக்கவும்.'

அதே தபாலில் டீச்சரிடமிருந்து ஒரு கார்டும் வந்தது. பதின்மூன்று வருஷத்தில் முதல் கார்டு. 'கமிட்டியில் உங்களைக் கேட்பார்கள். எனக்காகப் பொய் எழுத வேண்டாம். சுகிர்தம்.' அவ்வளவுதான். நலமா என்றுகூடக் கேட்கவில்லை.

வெள்ளி, சனி, ஞாயிறு, மூன்று நாளும் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தேன். நாலு வரி வரவில்லை, பக்கம் பக்கமாக வருகிறது. அதனால் கதை என்று பெயர் வைத்துவிட்டேன். கதை என்றால் நீண்டால் யாரும் கோபிக்க மாட்டார்கள்.

2.

கதை என்றால் தொடக்கம் வேண்டுமே. நேற்றுக் காலை எழுதியது:

"மேற்கே மலை, கிழக்கே மலை, நடுவே பச்சைப்பட்டு விரித்தாற்போல அந்தப் பள்ளத்தாக்கு—"

[பட்டை விரித்தது யார்? நடவுக் காலத்தில் முழங்கால்வரை சேறு ஏறுகிற ஊர் இது. அடித்துவிட்டேன். ஊர்ப் பெயரையும் சொல்லப் போவதில்லை. பண்ணைப்புரத்திலிருந்து வண்டி கட்டினால் வெயில் ஏறுவதற்குள் வந்துவிடலாம், அது போதும்.]

இரண்டாவது தொடக்கம்:

"சுகிர்தம் டீச்சர் ஒரு தியாகி. அவர் தம் வாழ்க்கையையே—"

[இதை டீச்சர் படித்தால் பஸ் ஏறி வந்து உதைப்பார். அடித்தேன்.]

இந்த இடத்தில் என் மனைவி மொக்கம்மாள் எட்டிப்பார்த்தாள்.

"ஏங்க, இன்னுமா அந்த நாலு வரி?"

"தொடக்கம் சரியா வரல."

"தொடக்கமா? அந்தக் கமிட்டிக்காரக என்ன கூத்தா பாக்க வந்திருக்காக? யாரு பொறுப்புன்னு கேட்டா பேரச் சொல்லிட்டு எந்திரிச்சு வாங்க. சோறு ஆறுது."

"அந்தப் பேருதான் மொக்கம்மா, எழுத வர மாட்டேங்குது."

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனாள். சோறு உண்மையிலேயே ஆறித்தான் போயிற்று.

மூன்றாவது தொடக்கம்: "இந்தக் கதை ஒரு நாற்காலியில் தொடங்குகிறது. அதில் மூட்டைப்பூச்சி இருந்தது."

இது இருக்கட்டும். இதில் பொய் எதுவும் இல்லை.

3.

அது தலைமையாசிரியரின் பிரம்பு நாற்காலி. 1931 வரை அதில் உட்கார்ந்திருந்தவர் பொன்னுராஜ் சார். அவருக்குக் கீழே நாங்கள் மூன்று பேர். தமிழும் பாட்டும் சொல்லித்தரும் சின்னக்கருப்பு வாத்தியார், அப்போதே ஐம்பதைத் தாண்டியவர். ஒன்றாம் இரண்டாம் வகுப்புக்குச் சுகிர்தம் டீச்சர், போடிக் கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்த வேதக்காரக் குடும்பத்துப் பெண். மூன்றாவது ஆள் கணக்கு வாத்தியார். அவன்மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை, அவனைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பொன்னுராஜ் சார் காலையில் நல்ல மனிதராகத்தான் வந்து உட்காருவார். பத்தரை மணியானால் நெளிய ஆரம்பிப்பார். பிறகு சாக்பீஸ் பறக்கும். சின்னக்கருப்பு வாத்தியார் பாட்டெடுத்தால், 'பள்ளிக்கூடமா, கூத்துக் கொட்டகையா?' என்பார். டீச்சர் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தால், 'எந்திரி, உனக்கும் அதுகளுக்கும் வித்தியாசம் வேணாமா?' என்பார். சின்னக்கருப்பு வாத்தியாருக்குத் திங்கட்கிழமை தவறாமல் வயிற்றுவலி வரும். டீச்சர் மாதத்துக்கு ஒருதரம் ராஜினாமாக் கடிதம் எழுதி, மடித்து, பைபிளுக்குள் வைத்துக்கொள்வார். மூன்றாவது ஆள் மட்டும் 'ஆமாங்க சார்' போட்டே காலத்தை ஓட்டினான்.

பிறகு பொன்னுராஜ் சாரை அவர் மகன் ரங்கூனுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். நாற்காலி காலியானது. அன்றைக்குத்தான் பிரம்புப் பின்னலுக்குள் குடித்தனம் இருப்பதைப் பார்த்தோம். பாவம், மனிதர் இத்தனை வருஷம் வெளியே சொல்லவில்லை. கௌரவம்.

அடுத்த தலைமையாசிரியர் யார் என்று கேட்க மூன்று பேரும் மேனேஜரைத் தேடிப் போனோம். மேனேஜர் சுருளியாண்டி, ஊரில் நிலபுலமுள்ள பெரிய சம்சாரி. பள்ளிக்கூடம் அவர் தகப்பனார் வைத்தது. அவருக்கு எழுத்து வராது, தண்ணீர் தெரியும். வரப்பில் மம்பட்டியை ஊன்றி நின்றபடி எங்கள் மூன்று முகத்தையும் பார்த்தார். மூன்றிலும் ஆசை இருந்தது. மற்ற இரண்டு பேரைப் பற்றிய பயமும் இருந்தது.

"ஒருத்தங்கிட்டயே மடைய விட்டா கடைசி வயலு காஞ்சுதான் போகும்," என்றார். "இங்கன தண்ணிக்கு என்ன பண்றோம்? முறை வச்சுத்தான பாச்சுறோம்? நீங்களும் வச்சுக்கங்க. ஆளுக்கு ஒரு வாரம்."

"காகிதத்துல தலைமையாசிரியர்னு ஒரு பேருதானங்கய்யா எழுத முடியும்?" என்றார் சின்னக்கருப்பு வாத்தியார்.

"வாராவாரம் எழுதுறது. மை இல்லையா?"

முடிந்தது பேச்சு.

(வெளியூர் வாசகருக்கு ஒரு குறிப்பு. எங்கள் பக்கத்தில் வாய்க்கால் தண்ணீரை முறைபோட்டுப் பாய்ச்சுவார்கள். உங்கள் நேரம் வந்தால் மடை உங்களுடையது, முடிந்தால் அடுத்தவருடையது. வீட்டில் ஒரு விசேஷம், ஓர் அவசரம் என்றால் இரண்டு பேர் வாய்ச்சொல்லில் நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். அதற்கு மாத்து முறை என்று பெயர். இதை மறந்துவிடாதீர்கள்.)

4.

அப்படியே இரண்டு வருஷம் ஓடியது. அதைப் பற்றி எழுத ஆசையாக இருக்கிறது, ஆனால் சந்தோஷத்தை எழுதுவது கஷ்டம்.

பதிவேட்டில் வாராவாரம் ஒரு பெயர். அந்த வாரத்துக்காரர் ஞாயிற்றுக்கிழமையே வந்து நாற்காலிக்குக் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றி வெயிலில் போட வேண்டும். எங்கள் ராஜ்யத்தின் முதல் சட்டம் அது. பூச்சி ஒழியவில்லை, ஒரு வாரத்துக்கு அடங்கிக் கிடக்கும்.

சின்னக்கருப்பு வாத்தியார் வாரத்தில் வருகைப் பதிவுகூட ராகத்தில் நடக்கும். டீச்சர் வாரத்தில் எல்லோருக்கும் தரைதான், பெரிய வாத்தியார்கள் உட்பட. ஐம்பது வயதுக்காரர் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுந்திருக்க முடியாமல், "ஆத்தாடி, தூக்கி விடுங்கடா ஏலே!" என்று கத்துவார். பிள்ளைகள் ஓடிவந்து தூக்கும். கணக்கு வாத்தியார் வாரத்தில் காலையில் எல்லோரும் மனக்கணக்குச் சொல்ல வேண்டும், டீச்சரும் சொல்ல வேண்டும். டீச்சருக்குப் பதினேழாம் வாய்பாடு கடைசிவரை வரவில்லை.

சண்டை இல்லாமலா? நிறைய உண்டு. ஒருவர் வைத்ததை அடுத்தவர் மாற்றுவார். மணியை எங்கே தொங்கவிடுவது என்று ஒரு மாசம் பேசாமல் இருந்தோம். ஆனால் வாத்தியாரின் திங்கட்கிழமை வயிற்றுவலி நின்றுபோயிற்று. டீச்சரின் பைபிளில் ராஜினாமாக் கடிதம் இருந்த இடத்தில் அரசிலை ஒன்று இருந்தது, நானே பார்த்தேன்.

ஏன் என்று யோசித்திருக்கிறேன். அதிகாரம் கிடைத்ததால் சந்தோஷம் என்று சொல்லிவிடலாம். அது முழு உண்மை இல்லை. அதிகாரம் கையைவிட்டுப் போகும் என்று தெரிந்ததால்தான் சந்தோஷம். இந்த வாரம் நான் உங்களைக் கடித்தால் அடுத்த வாரம் நீங்கள் என்னைக் கடிக்கலாம். அதோடு, அந்த நாற்காலியில் உட்கார்ந்து கடிபட்டவருக்கு, அதில் இப்போது உட்கார்ந்திருப்பவர் ஏன் நெளிகிறார் என்று தெரியும். ஒரு டம்ளர் மோர் கொண்டுபோய்க் கொடுப்பார்.

[ஏழு பேர் சேர்ந்து, ஒருவர்கூடப் பொறுப்பேற்காமல் ஒரு காரியத்தைச் செய்தால் அதற்குக் கமிட்டி என்று பெயர். மூன்று பேர் சேர்ந்து, மூன்று பேரும் பொறுப்பேற்றால் அதற்கு யாரும் இன்னும் பெயர் வைக்கவில்லை. — இந்த இடத்தை அடித்துவிட வேண்டும்.]

5.

மூன்றாவது ஆளுக்கு வந்துதான் ஆகவேண்டும். பெயர் கருத்தக்கண்ணன். அப்போது வயது இருபத்தெட்டு. நான்தான்.

கதையில் இவனை நல்லவனாக எழுதுவதா, கெட்டவனாக எழுதுவதா என்று தெரியவில்லை. கெட்டவனாக எழுதினால் சுலபம், கைதட்டிவிட்டுப் போய்விடுவீர்கள். ஆனால் இவன் கெட்டவன் இல்லை. ஒரு பொய்கூடச் சொல்லாதவன்.

1933 ஆனிக் கடைசி. நடவு மும்முரம். பிள்ளைகள் நாற்றைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போய்விட்டன, பெண்பிள்ளைகள் ஒன்றுகூட மிச்சமில்லை. பத்து மணிப் பள்ளிக்கூடத்துக்கு வந்தவை பத்தொன்பது. டீச்சர் ஒரு யோசனை சொன்னார். விடியற்காலை ஆறு மணிக்குத் திறந்து எட்டரைக்கு முடித்துவிடலாம், பிள்ளைகள் படித்துவிட்டு நடவுக்குப் போகட்டும். மூன்று பேரும் தலையாட்டினோம். நானும் ஆட்டினேன்.

தொடங்கிய வாரம் என் வாரம். அதே வாரத்தில் என் வீட்டார் தேவதானப்பட்டியில் எனக்குப் பெண் பார்க்க நாள் குறித்துவிட்டார்கள்.

"டீச்சர், இந்த வாரத்த மாத்திக்கலாமா? பொண்ணு பாக்கக் கூப்பிடுதாக."

"நீங்க போகாம வேற யாரு சார் போறது?" என்று சிரித்தார். "போயிட்டு வாங்க. அடுத்த வாரம் என் முறைய நீங்க எடுத்துக்கங்க."

பதிவேட்டில் என் பெயர் அப்படியே இருந்தது. மாற்றி எழுதத் தோன்றவில்லை. வாய்க்காலில் யார் எழுதிக்கொண்டு திரிகிறார்கள்? நாற்காலியையும் நான் வெயிலில் போடவில்லை. மாற்றியாகிவிட்டதே, டீச்சர் போடுவார் என்று நான் நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை என் வேலை என்று அவர் நினைத்தார்.

திங்கட்கிழமை பஸ்ஸுக்கு நிற்கும்போது மேனேஜர் வந்தார். சொன்னேன்.

"மாத்திட்டியா? சரி. ஒண்ணு தெரிஞ்சுக்கப்பா. மாத்து முறையில கரை உடைஞ்சா, பாச்சுனவனும் மம்பட்டி எடுக்கணும், முறைக்காரனும் எடுக்கணும். மாத்திக் குடுத்துட்டேனேன்னு வரப்புல நின்னு வேடிக்கை பாக்கப்படாது."

"பள்ளிக்கூடத்துல என்னங்கய்யா உடையப் போகுது?"

"உடையுறது சொல்லிட்டா உடையும்?"

பஸ் வந்தது. ஏறிவிட்டேன்.

6.

செவ்வாய்க்கிழமை மதியம் திரும்பி வந்து இறங்கினேன். கையில் ஒரு மஞ்சள் பை. அதில் வெற்றிலை பாக்கு, தேங்காய், பெண் வீட்டார் கொடுத்த மல்லிகைப் பூ. நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன், செய்தி சொல்ல.

உள்ளே டிப்டி இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். பத்தரைக்கே வந்திருக்கிறார், முன்னறிவிப்பு இல்லாமல். கதவில் பூட்டு. மேனேஜரை வரவழைத்துத் திறந்து, வேறு நாற்காலி இல்லாததால் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். ஒன்றரை மணி நேரமாக. மனிதர் முகம் செக்கச்செவேலென்று இருந்தது. ஒரு பக்கம் டீச்சர், ஒரு பக்கம் சின்னக்கருப்பு வாத்தியார், வாசலில் மேனேஜர்.

"பதிவேட்டில் இந்த வாரம் கருத்தக்கண்ணன் என்று இருக்கிறது. யாரது?"

"நான்தாங்கய்யா."

"பள்ளிக்கூடத்தைப் பூட்டியது நீயா?"

[இங்கே மூன்று நாளாகப் பேனா நிற்கிறது.]

"நான் இல்லீங்கய்யா. மாத்து முறை. டீச்சருதான்."

பார்த்துக்கொள்ளுங்கள். இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

"மாத்து முறையா? அப்படியென்றால்?"

மேனேஜர் ஓரடி உள்ளே வந்தார். "அய்யா, வாய்க்கால்ல தண்ணி வருதுன்னு வைங்க..."

"நான் பள்ளிக்கூடத்தைக் கேட்கிறேன். நீர் தண்ணீரைச் சொல்கிறீர்," என்று சொல்லி இன்ஸ்பெக்டர் தொடையைச் சொறிந்தார்.

டீச்சர் பேசினார். "ஆமாங்கய்யா, நான்தான் எட்டரைக்குப் பூட்டுனேன். காலையில ஆறு மணிக்கு வந்திருந்தீகன்னா நாப்பத்தியொரு பிள்ளைகளப் பாத்திருப்பீக. போன வாரம் பத்தொம்பதுதான் இருந்துச்சுக."

"நாற்பத்தொன்றை நான் பார்க்கவில்லை. பூட்டைப் பார்த்தேன்."

சின்னக்கருப்பு வாத்தியார் வாயைத் திறந்தார். இரண்டு வருஷம் ராகம் போட்ட வாய், இருமிவிட்டு மூடிக்கொண்டது. இன்ஸ்பெக்டர் எழுதினார், நெளிந்துகொண்டே எழுதினார். அந்த எழுத்தில்தான் டீச்சரின் சர்டிபிகேட்டை இரண்டு வருஷம் நிறுத்தி வைத்தார்கள். பிறகு திருப்பிக் கொடுத்தார்கள், ஆனால் 'பொறுப்பின்றிப் பள்ளியைப் பூட்டியவர்' என்ற வரி கூடவே ஒட்டிக்கொண்டது. அந்த வரியைப் பார்த்த எந்தப் பள்ளிக்கூடமும் அவரைச் சேர்க்கவில்லை. பதின்மூன்று வருஷமாக அண்ணன் கடையில் துணி கிழித்துக் கொடுக்கிறார்.

வாரமுறை கூடாது, ஒரே தலைமையாசிரியர்தான் என்று உத்தரவு வந்தது. சின்னக்கருப்பு வாத்தியார் வேண்டாம் என்றுவிட்டார். மிச்சமிருந்தது நான்.

அன்றைக்கு இன்ஸ்பெக்டர் போனபிறகு டீச்சர் என்னைத் திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. என் கையிலிருந்த மஞ்சள் பையைப் பார்த்தார்.

"பொண்ணு அமைஞ்சிருச்சா சார்?" என்று கேட்டார்.

7.

வேறு முடிவுகளும் எழுதிப் பார்த்தேன்.

(அ) "பூட்டியது யார்?" என்றதும் மூன்று பேரும் ஒரே குரலில், "நான்தான்!" என்கிறோம். இன்ஸ்பெக்டர் கண் கலங்குகிறது.

[சீச்சீ. மூன்று பேர் ஒரே குரலில் பேசிய பள்ளிக்கூடமா அது? மணியை எங்கே மாட்டுவது என்பதற்கே ஒரு மாசம்.]

(ஆ) இன்ஸ்பெக்டர் மறுநாள் ஆறு மணிக்கு வந்து நாற்பத்தொரு பிள்ளைகளைப் பார்த்து—

[ஆறு மணிக்கு எழுந்திருக்கிற இன்ஸ்பெக்டரை நான் கதையில்கூட நம்ப மாட்டேன்.]

(இ) கருத்தக்கண்ணன் மறுநாளே போய், "பதிவேட்டில் என் பெயர்தான், என் பொறுப்புதான்" என்று எழுதிக் கொடுத்து—

[இதற்கு எதிராகச் சொல்ல எதுவும் கிடைக்கவில்லை. நடந்திருக்கலாம். நடக்கவில்லை.]

8.

இப்போது என்னிடம் இருப்பது தேக்கு நாற்காலி. பழையதைக் கொளுத்திவிட்டேன். பூச்சி கிடையாது. ஆனாலும் பத்தரை மணியானால் எனக்குக் கோபம் வருகிறது. போன மாசம், இப்போது சின்ன வகுப்பு எடுக்கும் கிருபாவதி டீச்சரின் அறையில் ஒரே சிரிப்பு. என் செருப்புச் சத்தம் கேட்டதும் நின்றுபோயிற்று. உள்ளே போனேன். கிருபாவதி டீச்சர் எழுந்து நின்று, "ஒண்ணுமில்லங்க சார்," என்றார். அவர் மேஜையில் பைபிள் ஒன்று இருந்தது. அதற்குள் மடித்த காகிதம் ஏதாவது இருக்குமோ என்று நினைத்துக்கொண்டே திரும்பி வந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

இன்று காலை மொக்கம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளைப் பெண் பார்த்துவிட்டு நான் கொண்டுவந்த அந்த மஞ்சள் பையின் கதை அவளுக்கு இதுவரை தெரியாது.

அவள் சொன்னாள்: "மாத்துன தண்ணியில கரை உடைஞ்சா ரெண்டு பேருந்தான மம்பட்டி எடுக்கணும்? எங்க ஊருலயும் அதுதான் வழக்கம். இதத் தெரிஞ்சுக்க உங்களுக்கு மூணு நாளா?"

"எழுதுனா இந்த நாற்காலி போயிரும் மொக்கம்மா."

"போனாப் போகுது. அதுல உக்காந்துட்டு வந்து வீட்டுல எங்க மேலதான் எரிஞ்சு விழுகுறீக."

ஆகவே, கமிட்டிப் பெரியோர்களே, நாலு வரியை மட்டும் அனுப்பினால் உங்களுக்குப் புரியாது. மாத்து முறை என்றால் என்ன என்று நீங்களும் கேட்பீர்கள், நீங்களும் தொடையைச் சொறிவீர்கள். அதனால் இந்த நோட்டையே அனுப்புகிறேன். இத்தனை நேரம் வாசகரே வாசகரே என்று மனதுக்குள் கூப்பிட்டது உங்களைத்தான். நாலாம் பகுதியில் உங்களைப் பற்றி எழுதியதை அடிக்க நினைத்தேன். பொய் எழுத வேண்டாம் என்று டீச்சர் சொல்லியிருக்கிறாரே, விட்டுவிட்டேன்.

டீச்சருக்கு வேலை கிடைத்ததா இல்லையா என்பதுதான் இந்தக் கதையின் முடிவு. அது எனக்குத் தெரியாது. நோட்டின் பின்பக்கம் காலியாக விட்டிருக்கிறேன், நீங்கள்தான் எழுத வேண்டும். அவருக்குப் பதினேழாம் வாய்பாடு வராது என்பதையும் மறைக்கவில்லை. நாற்பத்தொரு பிள்ளைகளை விடியற்காலையில் எழுப்பி வரவழைக்க அவருக்குத் தெரியும்.

கேட்ட நாலு வரி:

அந்த வாரம் பதிவேட்டில் இருக்கும் பெயர் என்னுடையது.
காலைப் பள்ளிக்கூடத்துக்கு மூன்று பேரும் சம்மதித்தோம், பூட்டியது மட்டும் டீச்சர்.
கேட்டபோது நான் சொன்னது உண்மைதான், அதைச் சொல்லித்தான் தப்பித்துக்கொண்டேன்.
பொறுப்பு என்னுடையது.

இப்படிக்கு,
கருத்தக்கண்ணன்,
1933 ஆனிக் கடைசி வாரத்தின் தலைமையாசிரியர்.